மடைச்சாவி யார் கையில்?

இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஆணி அதிகம். இன்னிக்கும் எழுதியிருக்க மாட்டேன். போன வாரம் நடந்த ஒரு மீட்டிங் வயித்தெரிச்சலைக் கிளப்பிவிட்டதால இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்குங்க. பொட்டி தட்டாத மக்களும் படிக்கலாம். ஏன்னா என்னை மாதிரி பொட்டி தட்டுறவன் ஏசி ரூம்ல எடுக்கிற முடிவுக்கு, கடைசியில வெயில்ல வரிசையில நிக்கிறது நீங்கதான்.

மீட்டிங் விஷயம் இதுதான். ஒரு நிறுவனத்துக்குப் பல ஊர்ல கிளைகள் இருக்கு. அந்தக் கிளைகள்ல உள்ள கம்ப்யூட்டர், லாகின், பேக்கப், அப்டேட் எல்லாத்தையும் யார் நிர்வாகம் பண்றது? எல்லாத்தையும் ஒரே டேட்டா சென்டர்ல, ஒரே குழுவோட கையில வைக்கிறதா? இல்ல, அந்தந்தக் கிளைக்குக் கொஞ்சம் சாமான், கொஞ்சம் அதிகாரம், பக்கத்துல ஒரு ஆளுன்னு பிரிச்சுக் கொடுக்கிறதா? எங்க டேமேஜர் அஞ்சே நிமிஷத்துல தீர்ப்பு சொல்லிட்டாரு. "எல்லாத்தையும் சென்ட்ரலைஸ் பண்ணிடலாம்பா. மேனேஜ் பண்றது ஈஸி." சுத்தி இருந்த தலை எல்லாம் ஆடுச்சு.

என் தலை ஆடல. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இதே மாதிரி இன்னொரு மீட்டிங்ல நானும் ஆட்டினவன்தான். அதோட பலனை அனுபவிச்சது எங்க சித்தி.

சித்தியோட செயின்

எங்க ஊரு அருப்புக்கோட்டையில இருந்து திருச்சுழி போற வழியில கொஞ்சம் உள்ள தள்ளி இருக்கு. வானம் பார்த்த பூமி. குண்டாறுன்னு ஒரு ஆறு உண்டு. வருஷத்துல பாதி நாளுக்கு மேல அது மணல்தான். ரெண்டு பக்கமும் சீமைக்கருவேலம். ரமண மகரிஷி பிறந்த ஊருன்னு திருச்சுழியைத் தேடி வர்றவங்க கோயிலைப் பார்த்துட்டுப் போயிடுவாங்க. இந்தக் காட்டுல எப்படி வெள்ளாமை பண்றாங்கன்னு பார்க்க யாரும் வர்றதில்ல.

இங்க நகைங்கிறது அழகுக்கு இல்ல. மழை பேய்ஞ்சதும் விதைக்கும் உரத்துக்கும் காசு வேணும். செயின் அடகுக்குப் போகும். பருத்தியோ மிளகாயோ வித்துக் காசு வந்ததும் செயின் திரும்பி வரும். கழுத்துல கிடந்தா நகை, கடையில கிடந்தா விதை.

சித்தியோட தாலிச்செயின் அப்படித்தான் ஒரு நிதி நிறுவனத்தோட கிளையில இருந்துச்சு. பேரு வேணாம். அது எங்க கம்பெனியோட வாடிக்கையாளர். ஒரு சனிக்கிழமை காலையில சித்தி முழுப் பணத்தையும் மடியில கட்டிக்கிட்டு மினி பஸ் ஏறிப் போயிருக்கு. மறுநாள் ஞாயித்துக்கிழமை பேரனுக்குக் குலதெய்வம் கோயில்ல காதுகுத்து.

கிளையில பணத்தை எண்ணி வாங்கத் தயார். பெட்டகத்துக்கு ரெண்டு சாவி, ரெண்டு சாவியும் வச்சிருக்கிற ரெண்டு பேரும் அங்கயே இருக்காங்க. நகை பத்தடி தூரத்துல இருக்கு. ஆனா கம்ப்யூட்டர்ல லாகின் ஆகல. லாகின் ஆகாம ரசீது வராது. ரசீது வராம நகை வெளியே வராது. அந்தக் கிளையில மட்டுமில்ல, அந்த நிறுவனத்தோட எல்லாக் கிளையிலயும் அதே கதை.

மத்தியானம் சித்தி எனக்குப் போன் பண்ணுச்சு. "ஏய்யா, நீயும் கம்ப்யூட்டர்லதான இருக்க. இங்க கம்ப்யூட்டரு மக்கர் பண்ணுதுன்னு சொல்றாக. உனக்குத் தெரிஞ்ச ஆளு யாராச்சும் இருந்தா ஒரு வார்த்தை சொல்லேன்."

அந்த நேரத்துல நான் அதே பிரச்சினைக்கான கால்லதான் உக்காந்திருந்தேன். தெரிஞ்ச ஆளே நான்தான். "பாக்குறேன் சித்தி"ன்னு சொல்லி வச்சுட்டேன்.

காரணம் என்ன தெரியுமா? டேட்டா சென்டர்ல இருந்த லாகின் சர்வரோட செக்யூரிட்டி சர்டிபிகேட் அன்னிக்குக் காலையில காலாவதி ஆயிடுச்சு. புதுப்பிக்கச் சொல்லி முன்கூட்டியே மெயில் வந்திருக்கு. எந்த முகவரிக்கு? ஆறு மாசத்துக்கு முன்னாடி கலைச்சுவிட்ட ஒரு டீமோட குரூப் முகவரிக்கு. யாரும் படிக்கல. அதைக் கண்டுபிடிச்சு, புதுசு வாங்கி, ஏத்தி, கிளைகள் ஒவ்வொண்ணா உயிர் வர்றப்ப சாயங்காலம் அஞ்சே கால். சித்தி நாலு மணிக்கே பஸ்ஸைப் பிடிச்சு ஊருக்குத் திரும்பிடுச்சு. அதை விட்டா அடுத்த பஸ் இருட்டினப்புறம்தான்.

மறுநாள் கோயில்ல சித்தி மஞ்சக்கயிறோட நின்னுச்சு. கையில காசு இருந்தும், "என்ன, இன்னும் மீட்கலையா?"ன்னு கேட்ட ஒவ்வொரு சொந்தக்காரங்ககிட்டயும் கம்ப்யூட்டர் கதையைச் சொல்லிக்கிட்டு இருந்துச்சு. யாரும் நம்பின மாதிரி தெரியல.

இதுல என் பங்கு என்னன்னா, அதுக்கு முன்னாடி ஒவ்வொரு கிளையிலயும் ஒரு சின்ன சர்வர் இருந்துச்சு. லிங்க் இல்லாட்டியும் லாகின் ஆகும், ரசீது அடிக்கும். அதைத் தூக்கச் சொன்ன டிசைன் டாகுமெண்ட்டை எழுதினது நான். "கிளை அளவிலான லாகின்: தேவையில்லை"ன்னு அதுல ஒரு வரி இருக்கு. கீழ என் பேரு இருக்கு.

எதிர்க்கட்சியோட நியாயம்

நியாயமாப் பேசணும் இல்லையா. நாங்க சும்மா கொழுப்பெடுத்து அந்தச் சின்ன சர்வர்களைத் தூக்கல. ஒரு கிளையில ஒன்றரை வருஷமா பேக்கப்பே எடுக்கல. இன்னொண்ணுல ஆன்ட்டிவைரஸ் காலாவதி. முக்கால்வாசிக் கிளையில ஒரே பாஸ்வேர்டு, அதையும் மானிட்டர்ல ஒட்டி வச்சிருந்தாங்க. ஒரு இடத்துல சர்வர் மேல டீ கிளாஸ் வச்ச வட்டம். இதையெல்லாம் பார்த்துட்டு, "எல்லாத்தையும் நம்ம கைக்குக் கொண்டு வந்துடலாம்"னு எந்த இஞ்சினியருக்கும் தோணும்.

உலக அளவிலயும் உதாரணம் இருக்கு. 2017 மே 12-ல வான்னாக்ரை வைரஸ் அடிச்சப்ப, அது நுழைஞ்ச ஓட்டையை அடைக்கிற பேட்சை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-லயே வெளியிட்டிருந்துச்சு. ரெண்டு மாசம் இருந்தும் போடாதவங்கதான் மாட்டினாங்க. இங்கிலாந்தோட அரசு மருத்துவ அமைப்புல மூணுல ஒரு பங்கு நிர்வாக அலகுகள் பாதிக்கப்பட்டுச்சு. அங்க ஒவ்வொரு அலகும் தன்னோட கம்ப்யூட்டரைத் தானே பார்த்துக்கும். "பேட்ச் போடுங்க"ன்னு மேல இருந்து சொல்லியிருந்தாங்க. போட்டாங்களான்னு பார்க்க முறையான ஏற்பாடு இல்ல. பின்னாடி வந்த தணிக்கை அறிக்கை இதைத்தான் குத்திக்காட்டுச்சு.

பேங்க் விஷயமும் அப்படித்தான். கோர் பேங்கிங் வர்றதுக்கு முன்னாடி, எந்தக் கிளையில கணக்கோ அந்தக் கிளைக்குத்தான் ஓடணும். இன்னிக்கு திருப்பூர்ல பனியன் கம்பெனியில வேலை பார்க்கிற பையன் போடுற காசை, அவங்க அம்மா அருப்புக்கோட்டையில எடுக்கிறாங்க. இதை வேணாம்னு சொல்றவன் முட்டாள். கணக்கு ஒரே இடத்துல இருக்கிறதால நடுவுல இருந்த எத்தனையோ தரகனுக்கு வேலை போச்சு. நல்லதுதான்.

அதனால நான் மையப்படுத்துறதுக்கே எதிரி இல்ல. எதை மையத்துல வைக்கிறோம், எதைக் கிளையில விடுறோம்னு யோசிக்காம, மொத்தமா வாரிச் சுருட்டிக் கொண்டு போற சோம்பேறித்தனத்துக்குத்தான் எதிரி.

ஒண்ணு விழுந்தா எல்லாம் விழும்

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. நம்ம நேரம் காலை ஒன்பதே முக்காலுக்குக் கொஞ்சம் முன்னாடி கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் தன்னோட பாதுகாப்பு மென்பொருளுக்கு ஒரு அப்டேட் அனுப்புச்சு. அதுல கோளாறு. 78 நிமிஷத்துல திரும்ப எடுத்துட்டாங்க. ஆனா அதுக்குள்ள சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் நீலத் திரையோட படுத்துடுச்சு. மைக்ரோசாஃப்ட்டோட மதிப்பீடு இது. நம்ம ஊர் ஏர்போர்ட்டுகள்ல போர்டிங் பாஸைப் பேனாவால எழுதிக் கொடுத்தாங்க, ஞாபகம் இருக்கா?

இதுல எனக்கு முக்கியமாப் படுறது ரிப்பேர்தான். அனுப்பினது ஒரே இடத்துல இருந்து, ஒரே நொடியில. சரி பண்ணினது? பெரும்பாலும் மெஷின் மெஷினா ஆள் போய், சேஃப் மோடுல ஏத்தி, அந்த ஒரு ஃபைலை அழிக்க வேண்டியிருந்துச்சு. மையத்துல உக்காந்துக்கிட்டுக் கெடுக்க முடியும். மையத்துல உக்காந்துக்கிட்டுச் சரி பண்ண முடியல. பக்கத்துல ஆள் இருந்த ஆபீஸ் சீக்கிரம் எழுந்துச்சு. "லோக்கல் ஆள் எதுக்கு, வீண் செலவு"ன்னு கழட்டிவிட்ட ஆபீஸ் காத்துக்கிடந்துச்சு.

அது முடிஞ்சு ரெண்டு வாரம் கூட ஆகல. ஜூலை 31. இந்த வாட்டி நம்ம நாட்டுலயே. சி-எட்ஜ்னு ஒரு நிறுவனம், கூட்டுறவு வங்கிகளுக்கும் கிராம வங்கிகளுக்கும் தொழில்நுட்பச் சேவை கொடுக்கிறவங்க. அங்க ரான்சம்வேர் நுழைஞ்சதும், பெரிய அமைப்புக்குப் பரவிடக் கூடாதுன்னு என்பிசிஐ அவங்க இணைப்பைத் தற்காலிகமாத் துண்டிச்சுடுச்சு. துண்டிச்சது சரி. ஆனா அதோட சேர்ந்து சுமார் 300 சின்ன வங்கிகளோட பணப் பரிவர்த்தனை நின்னுபோச்சு. மறுநாள்தான் மீண்டுச்சு. 300 வங்கி, 300 பேரு, 300 போர்டு. ஆனா கீழ இருந்தது ஒரே தூண்.

எங்க பக்கத்துக்கு வாங்க. விருதுநகரைத் தலைமையிடமா வச்சிருந்த பாண்டியன் கிராம வங்கி, 2019 ஏப்ரல் 1-ல பல்லவன் கிராம வங்கியோட இணைஞ்சு, சேலத்தைத் தலைமையிடமாக் கொண்ட தமிழ்நாடு கிராம வங்கி ஆச்சு. அப்ப எங்க ஊர்ல சிலர் வருத்தப்பட்டாங்க. நான் வருத்தப்படல. தலைமையகம் விருதுநகர்ல இருந்தா என்ன, சேலத்துல இருந்தா என்ன? எந்த வங்கியா இருந்தாலும் என் கேள்வி ஒண்ணுதான்: லிங்க் அறுந்த அன்னிக்கு, எங்க ஊர் கிளையில இருக்கிறவர் எதைச் செய்ய முடியும்?

"பிரிச்சு வச்சா சரியாப் போச்சா?"

இப்ப இந்தப் பக்கத்து ஆளுங்களுக்கும் ஒரு குட்டு. "எல்லாமே டிஸ்ட்ரிபியூட்டட் சாமி, எங்களுக்கு இந்த வியாதி கிடையாது"ன்னு ஒரு கூட்டம் திரியுது. நாலு ஊர்ல சர்வரை வச்சுட்டா அது பரவலாக்கம் ஆயிடாது.

ஃபேஸ்புக்கை எடுத்துக்குங்க. உலகம் பூரா டேட்டா சென்டர். 2021 அக்டோபர் 4-ல, வழக்கமான பராமரிப்பு வேலையில கொடுத்த ஒரு கட்டளை, அந்த டேட்டா சென்டர்களை இணைக்கிற முதுகெலும்பு நெட்வொர்க்கையே அறுத்துடுச்சு. தப்பான கட்டளையைத் தடுக்க வேண்டிய கருவியிலயே பிழை. அவங்களோட பெயர்ச் சர்வர்கள், "எங்களுக்கு உள்ள தொடர்பு இல்ல"ன்னு நினைச்சுத் தங்களோட வழியை இணையத்துல இருந்தே வாபஸ் வாங்கிடுச்சு. சுமார் ஆறு மணி நேரம் ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் எல்லாம் அவுட். சரி பண்ணப் போன இஞ்சினியர்கள் வழக்கமா உபயோகிக்கிற உள்கருவிகளும் அதோடயே செத்துப் போயிருந்துச்சு. சாமான் நூறு இடத்துல, உயிர்நாடி ஒரே இடத்துல.

இன்னொரு பக்கம், தலையே இல்லாத பரவலாக்கம் எப்படி இருக்கும்னு தமிழ் இணையத்துல மூத்த பதிவர்களைக் கேளுங்க. யூனிகோடு பரவுறதுக்கு முன்னாடி பத்திரிகைக்கு ஒரு எழுத்துரு, மென்பொருளுக்கு ஒரு குறியாக்கம். ஒருத்தர் அனுப்பின மெயில் இன்னொருத்தருக்குப் பூச்சி பூச்சியாத் தெரியும். எல்லாரும் சுதந்திரமாத்தான் இருந்தாங்க; யாரும் யாரையும் படிக்க முடியல. எந்த எண் எந்த எழுத்துன்னு ஒரே ஒரு அட்டவணையை எல்லாரும் ஒத்துக்கிட்ட பிறகுதான் ஆளாளுக்கு ஒரு வீடு கட்டி, பக்கத்து வீட்டையும் படிக்க முடிஞ்சுது.

அப்ப எது பொது, எது அவங்கவங்களுது? இதுக்கு எங்க ஊர்ல ஒரு பதில் இருக்கு. கம்ப்யூட்டர் வர்றதுக்குப் பல நூறு வருஷத்துக்கு முன்னாடியே கட்டி வச்ச பதில்.

கலிங்கு பொது, மடை ஊருக்கு

எங்க பக்கம் கண்மாயைக் கம்மாய்னுதான் சொல்லுவோம். ஒண்ணுக்குக் கீழ ஒண்ணுன்னு சங்கிலி மாதிரி கிடக்கும். மழை பேய்ஞ்சா வரத்துக்கால் வழியா மேலக் கம்மாய் நிறையும். அது நிறைஞ்சு மறுகால் போனாத்தான் கீழக் கம்மாய்க்குத் தண்ணி.

கம்மாய்க்கு ரெண்டு வாசல். ஒண்ணு கலிங்கு. கல்லால கட்டின, குறிப்பிட்ட உயரமுள்ள வழிஞ்சோடி. தண்ணி அந்த உயரத்தைத் தாண்டினா தானா வழிஞ்சு அடுத்த ஊருக்குப் போயிடும். நம்ம ஊருக்குக் கூடத் தண்ணி வேணும்னு ராத்திரியோட ராத்திரியா கலிங்கு மேல மண் மூட்டை அடுக்கினா, மேல உள்ளவன் வயல் முழுகும், கீழ உள்ளவன் கம்மாய் காயும், அடிதடி ஆகும். கலிங்கோட உயரம் எந்த ஒரு ஊருக்கும் சொந்தம் இல்ல.

இன்னொரு வாசல் மடை. வயலுக்குத் தண்ணி விடுறது. அதை எப்பத் திறக்கணும், எந்தப் பக்கம் முதல்ல பாயணும், கடைமடைக்குப் போய்ச் சேர்ந்துச்சா, இதெல்லாம் ஊருக்குள்ள முடிவாகும். நீர்பாய்ச்சின்னு ஒருத்தர் இருப்பாரு. எந்த வயல்ல ஈரம் இருக்கு, எதுல பயிர் வாடுதுன்னு நடந்தே பார்த்தவரு. அந்த மடைச்சாவியைக் கொண்டு போய் மதுரையில வச்சுக்கிட்டு, "மனு போடுங்க, திறந்து விடுறோம்"னு சொன்னா எப்படி இருக்கும்? நாங்க கிளைகளுக்குப் பண்ணினது அதேதான்.

ஊர்ப் பெருமைன்னு நினைச்சுடாதீங்க. அந்த நீர்பாய்ச்சி வேலை பெரும்பாலான ஊர்கள்ல ஒடுக்கப்பட்ட சாதிக்காரங்க தலையில கட்டப்பட்டது. எந்த வயலுக்குன்னு முடிவெடுத்தவங்க நிலம் வச்சிருந்தவங்க. உள்ளூர்க் கையில அதிகாரம் இருந்தா அது நியாயமாத்தான் இருக்கும்னு எவனாவது சொன்னா நம்பாதீங்க. அதனாலதான் கணக்கும் தணிக்கையும் மேல இருக்கணும்னு சொல்றேன். ஆனா உள்ளூர் அநியாயத்துக்கு மருந்து, உள்ளூரையே கையாலாகாததா ஆக்குறது இல்ல. கம்மாய்களுக்கும் அந்த மருந்தைக் கொடுத்துப் பார்த்தாச்சு. 40 ஹெக்டேர் ஆயக்கட்டுக்கு மேல இருந்தா பொதுப்பணித்துறை (2021-க்கு அப்புறம் நீர்வளத்துறை), அதுக்குக் கீழன்னா ஊராட்சி ஒன்றியம்னு ஆன பிறகு, மடைக்குப் பக்கத்துல குடியிருக்கிறவனுக்குப் பொறுப்பும் இல்ல, அதிகாரமும் இல்ல. எத்தனை கம்மாய்க்குள்ள சீமைக்கருவேலம் காடா நிக்குதுன்னு பஸ்ல போறப்ப எண்ணிப் பாருங்க.

இதே கலிங்கு-மடை கணக்கை இணையமும் ஒரு தடவை கத்துக்குச்சு. ஆரம்பத்துல நெட்வொர்க்ல இருந்த எல்லா மெஷினோட பேரும் ஒரே ஃபைல்ல இருந்துச்சு. ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்துல அதைப் பராமரிப்பாங்க, மத்தவங்க இறக்கிக்குவாங்க. மெஷின் பெருகப் பெருக அந்த ஃபைல் தாங்கல. 1983-ல பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ் அமைப்பை வடிவமைச்சாரு. பேரை எப்படி எழுதணும், எப்படிக் கேக்கணும்ங்கிற விதி எல்லாருக்கும் ஒண்ணு. ஆனா தன் எல்லைக்குள்ள என்ன பேர் வைக்கிறதுங்கிறது அந்தந்த அமைப்போட கையில. உச்சியில இருக்கிறவனுக்கு எல்லாப் பேரும் தெரியாது. யாரைக் கேக்கணும்னு மட்டும் தெரியும். வாங்கின பதிலைக் கொஞ்ச நேரம் பக்கத்துலயே சேமிச்சும் வச்சுக்கலாம்.

சேமிச்சு வைக்கிறது பத்தி எங்க ஊர்க்காரங்களுக்கு யாரும் வகுப்பு எடுக்க வேணாம். அருப்புக்கோட்டையில குழாய்த் தண்ணி தினமும் வராது. அதனால வீட்டுக்கு வீடு தொட்டி. தண்ணி தூரத்துல இருந்து வரட்டும், வேணாம்னு யார் சொன்னா? ஆனா குழாய் உடைஞ்ச அன்னிக்கும் சோறு பொங்கணும். இது எங்க வீட்டு ஆளுங்களுக்குத் தெரியுது. கம்ப்யூட்டர் படிச்ச எனக்கு அந்த டாகுமெண்ட் எழுதுறப்பத் தெரியல.

சரி, என்னதான் பண்ணச் சொல்ற?

திட்டினா மட்டும் போதாது. போன வாரம் மீட்டிங்ல நான் வச்சது இதுதான்.

1. விதியும் தணிக்கையும் மையத்துல. பாஸ்வேர்டு விதி, எந்த பேட்ச் கட்டாயம், எத்தனை நாளுக்குள்ள போடணும், யார் போடலங்கிற பட்டியல், எல்லாம் மையத்துல. இது கலிங்கு. இதுல கிளைக்குப் பேச்சே கிடையாது.

2. அன்னாட வேலையைச் செய்யுற சக்தி கிளையில. லிங்க் இல்லாட்டியும் குறைஞ்சது ஒரு நாள் முழுக்க லாகின் ஆகணும், ரசீது அடிக்கணும். ராத்திரி அந்தக் கிளையோட கணக்கு மட்டும் ஒரு பிரதி அங்க இறங்கியிருக்கணும். சித்தியோட செயின் அந்த ஒரு கிளையோட பெட்டகத்துல மட்டும்தான் இருக்க முடியும். அதை விடுவிச்சாச்சா இல்லையாங்கிற உண்மை அங்கதான் பிறக்குது. அந்த உண்மையைச் சொல்ல வேற ஊர் சர்வரோட அனுமதி எதுக்கு?

3. அப்டேட் எல்லாருக்கும் ஒரே நேரத்துல போகக் கூடாது. முதல்ல ரெண்டு கிளை, மறுநாள் பத்து, அப்புறம் மிச்சம். கிரவுட்ஸ்ட்ரைக்கே பட்டதுக்கு அப்புறம் இப்படிப் படிப்படியா அனுப்புறோம்னு சொல்லுச்சு. நாம படாமலே கத்துக்கலாம்.

4. அஞ்சாறு கிளைக்கு ஒரு ஆளு, பைக்ல போய்ச் சேர்ற தூரத்துல. சம்பளம் கொடுத்து.

5. மூணு மாசத்துக்கு ஒரு தடவை, சொல்லாம கொள்ளாம, வேலை நேரத்துல ஒரு கிளையோட கேபிளைப் புடுங்கிப் பார்க்கணும். என்ன நிக்குது, என்ன ஓடுதுன்னு எழுதணும்.

உடனே பாதுகாப்பு டீம் ஆளு கேட்டாரு: "கிளையில லாகின் விட்டா திருடுவான், யார் பொறுப்பு?" நல்ல கேள்வி. ஆனா சார், பெட்டகத்தோட இரும்புச் சாவியை ஏற்கெனவே அந்தக் கிளைக்காரங்க ரெண்டு பேர் கையிலதான கொடுத்து வச்சிருக்கீங்க? தங்கத்தை நம்பிக் கொடுத்த ஆளுகிட்ட ஒரு ரசீதை நம்பிக் கொடுக்க மாட்டீங்களா? வேணும்னா வரம்பு வைங்க. ரிசர்வ் வங்கி 2022 ஜனவரியில இணைப்பு இல்லாம நடக்கிற சின்னப் பரிவர்த்தனைகளுக்கு விதி கொண்டு வந்தப்ப அதைத்தான் செஞ்சது. ஒரு தடவைக்கு 200 ரூபாய், மொத்தமா 2000 ரூபாய். 2023 ஆகஸ்ட்ல அந்த 200-ஐ 500 ஆக்கினாங்க. "ஆபத்து இருக்கு, அதனால கூடவே கூடாது"ன்னு சொல்லல. "இவ்வளவு ஆபத்துதான் தாங்குவோம்"னு ஒரு உயரம் வச்சாங்க. அதுவும் ஒரு கலிங்குதான்.

அப்புறம் செலவு. டேமேஜரோட எக்செல் ஷீட்டுல மையப்படுத்தினா எவ்வளவு மிச்சம்னு அழகா வந்துடும். சர்வர் எண்ணிக்கை குறையும், லைசென்ஸ் குறையும், ஆள் குறையும். அந்தச் சனிக்கிழமை எல்லாக் கிளையிலயும் பெஞ்சுல உக்காந்திருந்தவங்களோட பஸ் காசு அதுல வராது. ஒரு நாள் கூலி வராது. சித்தி கோயில்ல நின்ன நிலை வராது. அந்தச் செலவு எங்கயும் போயிடல; நம்ம கணக்குல இருந்து அவங்க கணக்குக்கு மாத்தி எழுதிட்டோம். அதுக்குப் பேரு சிக்கனம் இல்ல.

மீட்டிங் என்னாச்சுன்னு கேக்குறீங்களா? "ரொம்ப எமோஷனல் ஆகாதப்பா, அதெல்லாம் அடுத்த ஃபேஸ்ல பார்த்துக்கலாம்"னு சொல்லிட்டாங்க. அடுத்த ஃபேஸ் வரவே வராதுன்னு இந்தத் தொழில்ல இருக்கிற எல்லாருக்கும் தெரியும். டாகுமெண்ட் என் கையெழுத்துக்காக மெயில்ல காத்துக்கிட்டு இருக்கு. ஒரே ஒரு கிளையில கேபிளைப் புடுங்கிக் காட்டுங்க, போட்டுடறேன்னு பதில் அனுப்பியிருக்கேன். இது எழுதுற வரைக்கும் பதில் வரல.

போன தடவை ஊருக்குப் போனப்ப, காரணத்தை எல்லாம் சித்திக்குப் பொறுமையா விளக்கினேன். சர்டிபிகேட், சர்வர், டேட்டா சென்டர், எல்லாத்தையும். முழுசாக் கேட்டுட்டு சித்தி சொல்லுச்சு: "சாவி ரெண்டும் உள்ளதான இருந்துச்சு. சாவிக்காரக ரெண்டு பேரும் உள்ளதான இருந்தாக. பெறகு என்னய்யா?"

என்கிட்ட பதில் இல்ல. உங்ககிட்ட இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. உங்க ஊர்ல "லிங்க் இல்ல, நாளைக்கு வாங்க" கேட்ட கதை இருந்தா அதையும் எழுதுங்க. பிரிண்ட் எடுத்து அடுத்த மீட்டிங்குக்குக் கொண்டு போறேன்.

டிஸ்கி 1: நிறுவனம் எது, கிளை எதுன்னு யாரும் தனி மெயில்ல கேக்க வேணாம். சொல்ல மாட்டேன். எனக்கு இன்னும் வீட்டுக்கடன் பாக்கி இருக்கு.

டிஸ்கி 2: செயின் திங்கட்கிழமை வந்துடுச்சு. இந்த வருஷ விதைப்புக்கு மறுபடியும் போயிருக்கு. அதே கிளைக்குத்தான்.